போனைப் பிடுங்கும் முன்

(தொடக்கப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மகரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் கிடைத்திருக்கிற நேரம் இது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

முதலில் பள்ளிச் செய்தி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம் நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான். 2023இல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024இல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. 2025 ஆகஸ்ட் 26 முதல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. "நம் வீட்டில் இல்லாததா, பள்ளிக்கூடத்தில் போய்ச் சாப்பிடணுமா?" என்று சிலர் கௌரவம் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டாம். கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளை வீட்டில் சாப்பிடுவதைவிடக் கூடுதலாகவே சாப்பிடும்.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கே வந்து சேராத பிள்ளைகள் இருக்கிறார்கள். மணி அடித்த பிறகு அவசரமாக வருகிறார்கள், முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கிறார்கள். ஆசிரியைகள் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: ராத்திரி போன் பார்த்தேன்.

போனைத் திட்டித் தீர்ப்பது எங்கள் நோக்கமல்ல. நம் வீடுகளில் எத்தனை அத்தாமார் துபாயிலும் சவூதியிலும் குவைத்திலும் இருக்கிறார்கள்! அங்கே வேலை முடிந்து அறைக்கு வந்து அவர்கள் கூப்பிடும்போது இங்கே இரவு பத்து, பத்தரை ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு அத்தா என்றால் அந்தச் சின்னத் திரைதான். அதை வீட்டை விட்டுத் தூக்கி எறி என்று மேடையில் பேசுவது சுலபம். அந்த வீட்டுத் தாய்க்கு அது உதவாது. அத்தா பேசி முடித்த பிறகு அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

தடை போட்டால் தீர்ந்துவிடுமா? 2019 ஏப்ரலில் டிக்டாக் செயலியைத் தடை செய்யச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளைதான். அதே மாதம் 24ஆம் தேதி நிபந்தனையோடு தடையை விலக்கிக் கொண்டது. 2020 ஜூனில் மத்திய அரசு வேறு காரணத்துக்காக அதை ஒரேயடியாக முடக்கியது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வேறு செயலிக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிறையாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. அதுபோன்ற சட்டத்தை மத்திய அரசு யோசிக்கலாம் என்று மதுரைக் கிளையும் அதே மாதம் சொல்லியிருக்கிறது. சட்டம் வந்தால் நல்லதுதான். ஆனால் நம் ஏழு வயதுப் பிள்ளை பார்ப்பது தன் கணக்கில் அல்ல, தாயின் கணக்கில். அதை எந்தச் சட்டம் வந்து பார்க்கும்?

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவும் பேரும் வேண்டாம். நான்காம் வகுப்பு. துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் பழக்கமான ஓர் "அண்ணன்" அவனுக்கு விளையாட்டில் செலவழிக்கும் டைமண்ட் வாங்கித் தந்திருக்கிறான். பிறகு போட்டோ கேட்டிருக்கிறான். முதலில் முகம், பிறகு சட்டை இல்லாமல். பையன் ஒன்றை அனுப்பிவிட்டான். அதற்கப்புறம் மிரட்டல்: அடுத்ததை அனுப்பு, இல்லாவிட்டால் இதை உன் அம்மாவுக்கு அனுப்புவேன் என்று. ஒரு மாதம் போல அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கும் மக்தபுக்கும் வந்து போயிருக்கிறான். சாப்பாடு குறைந்தது, படுக்கையை நனைத்தான். வீட்டில் கண்ணேறு என்று ஓதிப் பார்த்தார்கள்.

ஏன் சொல்லவில்லை? "இனிமேல் கேம் விளையாடினால் அத்தாவிடம் சொல்லிவிடுவேன்" என்று தாய் முன்னமே எச்சரித்திருந்தார். எல்லாத் தாயும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மிரட்டியவன் சொன்னதும், தாய் சொன்னதும் அந்தப் பிள்ளையின் காதில் ஒரே மாதிரி விழுந்துவிட்டது. கடைசியில் மக்தப் உஸ்தாதிடம் போய், "ஒரு தப்புப் பண்ணிட்டு தவ்பா செஞ்சா, அம்மாவுக்குத் தெரியாமலே இருக்குமா உஸ்தாத்?" என்று கேட்டிருக்கிறான். அவர் அதட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, என்னப்பா என்றார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அன்று மாலையே தாயை வரச் சொல்லி, 1098க்குப் பேசினோம். அதன் பிறகு காவல்துறையில் புகார் ஆனது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

பெண்பிள்ளை என்றால் இன்னும் சிக்கல். யாரோ ஒருவன் தப்பான செய்தி அனுப்புவான். அது வீட்டுக்குத் தெரிந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, இவள் பள்ளிக்கூடம் நின்றுபோகும். அக்காவுக்கு அப்படி நடந்ததைப் பார்த்த நான்காம் வகுப்புத் தங்கை தனக்கு ஒன்று நடந்தால் வாய் திறப்பாளா? குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது பாதுகாப்பு அல்ல, தண்டனை. இதைச் சிலருக்குக் கசக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறோம்.

இன்னொரு கசப்பான விஷயம். நம் மஹல்லாக்களில் சண்டை சச்சரவு வந்தால் ஜமாஅத்தில் பேசி முடிப்போம். சொத்துத் தகராறு, கணவன் மனைவி பிணக்கு எல்லாம் பேசலாம். ஒரு பிள்ளை மீது நடந்த பாலியல் குற்றத்தை அப்படிப் பேசி முடிக்க முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. ஆகவே தலைமையாசிரியரும் முத்தவல்லியும் அறக்கட்டளைக்காரர்களான நாங்களும், "வெளியே தெரிந்தால் மானம் போகும், விட்டுவிடுங்கள்" என்று சொல்ல உரிமை இல்லாதவர்கள்.

மானத்தைப் பற்றிய கவலை சட்டத்துக்கும் இருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்புகிற ஒருவரோ உடன் இருப்பார். விசாரணை மூடிய அறையில் நடக்கும். பெயரையும் படத்தையும் பள்ளியின் பெயரையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. இதெல்லாம் தெரியாமல்தான் போலீஸ் என்றதும் பயந்து போகிறோம்.

அப்படி ஏதாவது நடந்தால் பதற்றத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவை சாட்சி. போனை அப்படியே கொண்டு போங்கள். படம் எதுவும் இருந்தால் "பாருங்கள், இப்படி ஆகிவிட்டது" என்று மச்சானுக்கும் மாமாவுக்கும் அனுப்பக் கூடாது. அனுப்புவதே குற்றம். வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். பிள்ளை தெரியாமல் ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டால் 1930. அதற்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. பள்ளி சம்பந்தமான எதற்கும் 14417.

படம் என்றதும் ஒன்று. நோட்டுப் புத்தகமும் சீருடையும் வழங்கும்போது நம் அறக்கட்டளை பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுப்பதில்லை. கொடையாளர்கள் சிலருக்கு இதில் வருத்தம். கொடுத்தது தெரிய வேண்டாமா என்கிறார்கள். வாங்குகிற பிள்ளை பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்குமே என்பது எங்கள் பதில். பெற்றோர்களும் சீருடை, பள்ளிப் பெயர், வகுப்பு எல்லாம் தெரியும்படி ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் உறவினர் அல்ல. பழைய சோபா வாங்க வந்தவரும் அதில் இருப்பார்.

பயமுறுத்தும் செய்திகளைப் பரப்புவதும் வேண்டாம். 2017இல் நீலத் திமிங்கல விளையாட்டு என்று ஊரே நடுங்கியது. பிறகு மத்திய அரசின் குழு ஆராய்ந்து பார்த்து, எந்த மரணத்துக்கும் அந்த விளையாட்டுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. பெயர் தெரியாத பூதத்துக்குப் பயந்துகொண்டிருப்போம். பக்கத்து அறையில் டைமண்ட் வாங்கித் தருகிற அண்ணனைக் கவனிக்க மாட்டோம்.

ரமளான் நெருங்குகிறது. தராவீஹ் நேரத்தில் பள்ளிவாசல் வெளித்திண்ணையில் நாலைந்து பையன்கள் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சஹர் வரை அது நீளும். இந்த வருடம் பெரியவர்கள் நம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம். பையன்களுக்குச் சொல்வதற்கு அப்போதுதான் நமக்கு வாய் இருக்கும். வீட்டில் இரவு எல்லாப் போன்களும் அடுப்படி மேடையிலோ அலமாரியிலோ ஓர் இடத்தில் சார்ஜில் இருக்கட்டும், அத்தாவுடையதும் சேர்த்து. பிள்ளை படுக்கும் அறையில் வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "போனில் யார் என்ன கேட்டாலும், நீ என்ன அனுப்பியிருந்தாலும், என்னிடம் சொன்னால் அடிக்க மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன்." சொன்னால் மட்டும் போதாது, அப்படியே நடக்கவும் வேண்டும். முதல் தடவை சொல்ல வரும்போது உங்கள் முகம் மாறுகிறதா என்று பிள்ளை பார்க்கும். நன்னிமாமார்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பல பிள்ளைகள் முதலில் அவர்களிடம்தான் வருவார்கள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் நம் கல்லூரி மாணவ மாணவியர் உட்கார்ந்திருப்பார்கள். போனைக் கொண்டு வந்தால் ஃபேமிலி லிங்க் போட்டுத் தருவார்கள், யூடியூப் கிட்ஸ் ஏற்றித் தருவார்கள், தெரியாதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்க முடியாதபடி மாற்றித் தருவார்கள். பெண்களுக்குத் தனி அறை, மாணவிகளே பார்ப்பார்கள். பாஸ்வேர்டை நீங்களே அடிக்க வேண்டும், அவர்களிடம் சொல்ல வேண்டாம். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு மறந்து போனவர்கள் வீட்டில் அதை முதலில் போட்டுக் கொடுத்த பையன் யாரோ, அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.