ஒலிக்காத எழுத்தும் உறவுச் சொற்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டும் நாடகமும் காணக் காத்திருக்கும் உங்கள் முன், ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம், பொறுத்தருள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இச்சங்கத்தில் தமிழ் வகுப்பு நடத்தும் நாங்கள் சிலர் ஒரு சிறுமியிடம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனைத் தீர்க்கவே இப்பேச்சு.

சென்ற ஆண்டு ஒரு நாள் அச்சிறுமி தன் ஆங்கில ஏட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு என்று பொருள்படும் 'டூ' என்னும் சொல்லில், நடுவே நிற்க வேண்டிய 'டபிள்யூ'வை விட்டு எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துப் பத்து முறை எழுதிவரப் பணித்திருந்தார்கள். "மாமா, வாயால் சொல்லாத எழுத்தைக் கையால் மட்டும் ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்டாள். "அது அப்படித்தான் அம்மா, நெட்டுருப் போட்டுவிடு" என்றோம். அவள் பேசாமல் போய்விட்டாள். விடை தெரியாதது குற்றமன்று. தெரியாது என்று சொல்லாமல் ஒரு குழந்தையின் வாயை அடைத்தது குற்றம். அன்றிரவே நூல்களைப் புரட்டினோம்.

அறிந்தது இது. அந்த எழுத்து ஒரு காலத்தில் ஒலித்தது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ஏறக்குறைய 'ட்வா' என்றே வழங்கியது. ஸ்காத்லாந்து வழக்கில் இன்றும் 'ட்வா' என்பது உண்டு. இங்கிலாந்தில் நாவு அவ்வொலியை நழுவவிட்டது, ஏடு விடவில்லை. காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் 1476-ஆம் ஆண்டில் அச்சுக்கூடம் நிறுவிய பின், எழுத்து மெல்ல மெல்ல அச்சில் உறைந்தது. பேச்சோ ஓடிக்கொண்டே இருந்தது. முழங்கால், கத்தி, முடிச்சு ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலில் ஊமையாய் நிற்கும் 'கே'யும் முன்னாளில் ஒலித்ததே. அவ்வகையைச் சேர்ந்த ஜெர்மானியச் சொற்களில் அது இன்றும் ஒலிக்கிறது.

இனி, 'டி'யும் 'டபிள்யூ'வும் சேர்ந்து நிற்கும் பிற சொற்களைப் பாருங்கள். பத்தை எடுத்தபின் இரண்டு எஞ்சுவது 'ட்வெல்வ்', அது பன்னிரண்டு. இரு பத்து 'ட்வென்ட்டி'. இரு முறை 'ட்வைஸ்'. ஒரு வயிற்றில் உடன் பிறந்த இருவர் 'ட்வின்ஸ்'. இரு புரி சேர்த்து முறுக்கிய நூல் 'ட்வைன்', முறுக்குதல் 'ட்விஸ்ட்'. இருவருக்கு நடுவே என்பது 'பிட்வீன்'. பகலுக்கும் இரவுக்கும் நடுவேயுள்ள மங்கிய ஒளி 'ட்வைலைட்'. இவை அனைத்திலும் 'டபிள்யூ' வாய்விட்டு ஒலிக்கிறது. 'டூ'வில் மட்டும் வாய்மூடி நிற்கிறது. ஆயினும் அதுவே, 'நான் இக்குடும்பத்தைச் சேர்ந்தவன்' என்று சொல்லும் அடையாளம். அவ்வெழுத்தின் பெயரே 'இரட்டை யூ' என்று பொருள்படுவது குழந்தைகளுக்கு இன்னொரு வேடிக்கை!

எல்லா ஊமை எழுத்தும் இவ்வாறு வந்தது என்று கொள்ளலாகாது. ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' என்னும் சொல்லில் உள்ள 'பி', ஆங்கிலேயர் நாவில் என்றும் ஒலித்ததன்று. பிரெஞ்சு வழியாக 'பி' இன்றி வந்த அச்சொல்லுக்கு, இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் புலவர்கள் பின்னாளில் அதைச் சேர்த்தார்கள். அம்மூலமும் இரண்டையே அடியாகக் கொண்டது. ஐயம் என்பது மனம் இரண்டுபடுவதுதானே!

எழுத்து ஒன்றுபட்டால் உறவு என்றும் துணியலாகாது. பறவையின் கீச்சொலியைக் குறிக்கும் 'ட்விட்டர்' என்னும் சொல் ஒலிக்குறிப்பாய்ப் பிறந்தது. இரண்டோடு அதற்கு உறவில்லை. தமிழிலும் இருபதும் இருவரும் இரண்டின் மக்கள். இரும்பும் இருளும் அல்ல. எழுத்தையும் பொருளையும் சேர்த்துப் பார்த்தே உறவு அறிய வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று இதையெல்லாம் அச்சிறுமிக்குச் சொன்னோம். அவள் முகம் மலர்ந்தது. உடனே, "கடைத்தெருவில் 'தோ' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பமா?" என்றாள். ஆம் என்றோம். சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரு மூலத்திலிருந்து தோன்றியவை என்ற கருத்தை வில்லியம் ஜோன்ஸ் 1786-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் எடுத்துரைத்தார். சமஸ்கிருதத்தின் 'த்வி', இலத்தீனின் 'துவோ', இந்தியின் 'தோ', ஆங்கிலத்தின் 'டூ' யாவும் ஓர் இனம். "அப்படியானால் நம் இரண்டு?" என்றாள். அது வேறு குடும்பம். தெலுங்கின் 'ரெண்டு', கன்னடத்தின் 'எரடு', மலையாளத்தின் 'ரண்டு' ஆகியவை அதன் உடன்பிறப்புகள். சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் 1816-ஆம் ஆண்டிலும், கால்டுவெல் 1856-ஆம் ஆண்டிலும் இம்மொழிகளின் தனிக் குடும்பத்தை உலகுக்குக் காட்டினார்கள்.

"அதன் பிள்ளைகளை நீ சொல் பார்க்கலாம்" என்றோம். அவளால் இயலவில்லை. இருபது வரை தமிழில் எண்ணினாள். அப்பால் 'இக்கீஸ், பாயீஸ்' என்று இந்தியில் தொடர்ந்தாள். இருநூறு தெரியவில்லை, ஈராயிரம் என்பதைக் கேட்டதே இல்லை. ஆங்கிலத்தின் ஊமை எழுத்துக்கு உறவு தேடிக் கண்டவளுக்குத் தன் வீட்டுச் சொல்லின் உறவுகள் அயலாராய் இருந்தன. குறை அவளுடையதன்று. அவள் வீட்டில் பால் கணக்கும் வாடகைக் கணக்கும் எந்த மொழியில் நடக்கின்றனவோ, அந்த மொழியில்தான் அவள் எண்ணுவாள். நம் வீடுகளும் அவ்வாறே அல்லவா?

இங்கே வாழும் நம் பிள்ளைகள் இந்தியில் எண்ணட்டும், ஆங்கிலத்தில் எண்ணட்டும். இரண்டும் அவர்களுக்குச் சோறு போடும் மொழிகள். அவற்றை நாம் வெறுக்கவில்லை. ஆயினும், தமிழ் நம் குடும்பங்களில் ஏட்டில் மட்டும் நின்று நாவில் ஒலிக்காத எழுத்தாகிவிடக் கூடாது. ஒலி இழந்த 'டபிள்யூ'வை ஆங்கிலேயரின் அச்சுக்கூடம் காத்தது. நம் பிள்ளைகளின் தமிழைக் காக்க அவ்வாறு எந்த அச்சுக்கூடமும் வாராது. வீடுதான் காக்க வேண்டும்.

ஆதலின் பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. குழந்தை எழுத்துக் கூட்டலில் தவறினால், நெட்டுருப் போடச் சொல்லுமுன் அச்சொல்லின் உறவுகளை அதனோடு சேர்ந்து தேடுங்கள். தெரியாவிடில் தெரியாது என்று சொல்லித் தேடுங்கள். மற்றொன்று, இன்று வீடு திரும்பும்போது மாடிப்படிகளைக் குழந்தையோடு தமிழில் எண்ணிக்கொண்டே ஏறுங்கள். இருபதோடு நிறுத்திவிடாதீர்கள்.

அச்சிறுமி இப்போது ஈராயிரம் வரை தடையின்றி எண்ணுகிறாள். எங்கள் கடனில் பாதி தீர்ந்தது. மறுபாதியை நீங்கள்தாம் தீர்க்க வேண்டும்.