எந்த வாசல் வழியே வரும்?
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஒரு கிராணியார் ஆற்றிய உரை)



விடியற்காலையில் பெரட்டுக்கு வரும்போது நாம் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறோம். மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வரும்படியில் துண்டு விழும். நாளை என்ன கஷ்டம் வரும் என்று கேட்டால், நேற்று வந்த கஷ்டத்தைத்தான் சொல்வோம். மனித மனத்தின் இயல்பு அது.

பெரிய அறிவாளிகளும் இதற்கு விலக்கல்லர். சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்றார்கள். எதிரி கடல் வழியே வருவான் என்று பெரிய பீரங்கிகளை நிறுத்தினார்கள். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் வடக்கே கோத்தா பாருவில் இறங்கினர். தரை வழியாக, சைக்கிளிலும் தெற்கே வந்தனர். 1942 பிப்ரவரி 15-ல் கோட்டை விழுந்தது. தோட்ட மக்கள் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அதை எந்தக் குடும்பம் எதிர்பார்த்தது?

போருக்குப் பின் வேறொரு பயம். அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்துவிட்டது. இனிப் பால்மரம் செத்தது என்றார்கள். மரம் சாகவில்லை. இன்றும் விமானச் சக்கரங்களுக்கு இயற்கை ரப்பர் வேண்டும். ஆனால் நாம் ஒரு வாசலைக் காத்திருந்தபோது, கஷ்டம் வேறு வாசல் வழியே நுழைந்தது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வந்தது. பிறகு செம்பனை வந்தது. வேலை போனவர்களுக்கு லயத்து வீடும் சேர்ந்து போயிற்று. மரத்தைப் பற்றிக் கவலைப்பட்டோம். தலைக்கு மேலிருந்த கூரையை மறந்தோம்.

என் பாட்டனாரும் அப்படித்தான். "குடியுரிமையை அப்புறம் பார்க்கலாம்" என்றே காலம் கழித்தார். சிவப்பு அடையாளக் கார்டோடுதான் கண்ணை மூடினார்.

தோழர்களே, எது வரும் என்று சொல்ல நான் சோதிடனல்லன். ஆனால் எது வந்தாலும் எவை கைகொடுக்கும் என்று தெரியும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் பத்திரமாக வையுங்கள். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று கேளுங்கள். கிராணி என்ன நினைப்பானோ என்று கூச்சப்படாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது என் கடமை. பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். சொந்த வீட்டுக்குச் சிறுகச் சிறுகச் சேருங்கள். சங்கச் சந்தாவைத் தவற விடாதீர்கள். தனி மனிதன் ஒரு வாசலைத்தான் காக்க முடியும். எல்லா வாசலையும் காக்கச் சங்கம் வேண்டும்.