அளந்த கணக்கு நம் கையில் வேண்டும்

(ஜொகூர் தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நாம் ஸ்டோருக்குக் கொண்டுவரும் பாலை யாரும் அளக்காமல் விடுவதில்லை. வாளியை நிறுக்கிறார்கள். மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்க்கிறார்கள். கிராணிகளாகிய நாங்கள் புத்தகத்தில் பதிகிறோம். பாலுக்கு இத்தனை கணக்கு. பால் எடுத்தவரின் உடம்பில் சேர்ந்த நஞ்சுக்கு என்ன கணக்கு?

தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனிக்கு வெப்பமானி செய்யும் ஆலை ஒன்று இருந்தது. வெப்பமானிக்குள் ஊற்றுவது பாதரசம். 2001 மார்ச் மாதத்தில், பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் ஊரிலுள்ள பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது வெளியாயிற்று. அம்மாதமே ஆலை மூடப்பட்டது. எங்கள் நோய்க்குப் பாதரசமே காரணம் என்றார்கள் தொழிலாளர்கள். இல்லை என்றது கம்பெனி. 591 தொழிலாளர்களுக்காக உடன்பாடு ஏற்பட்டது 2016இல்தான். பதினைந்து ஆண்டுகள்!

பாதரசத்தின் குணத்தை அறிந்தால் இந்த வழக்கின் கஷ்டம் விளங்கும். ஆவியாக மூச்சில் புகுந்த பாதரசம் சிறுநீரில் தெரியும். மீன் வழியே வந்தது தலைமுடியில் தெரியும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், எந்த மாதம் எவ்வளவு என்றுகூடச் சொல்லலாம். இந்தோனேசியாவில் சிறு பொன் சுரங்கங்களில், பொன்னைப் பிரிக்கப் பாதரசம் கலந்து, பிறகு தீயில் காய்ச்சுகிறார்கள். அக்கம்பக்கத்தார் ஆவியைச் சுவாசிக்கிறார்கள்; கழிவு கலந்த ஆற்றின் மீனையும் தின்கிறார்கள். ஆகவே அவர்களுக்குச் சிறுநீர், முடி இரண்டையும் சோதிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. மூச்சில் புகுந்த பாதரசத்தில் பாதி, சுமார் இரண்டு மாதத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். வேலையை விட்டுச் சில ஆண்டுகள் கழித்துச் சோதித்தால் தாளில் "ஒன்றுமில்லை" என்று வரும். கை நடுக்கமோ நின்றபாடில்லை! நஞ்சு போனாலும் அது நரம்புக்குச் செய்த கேடு போகாமல் இருக்கலாம்.

இது நமக்கும் பொருந்தும். நம் பெண்கள் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்த காலம் நினைவிருக்கிறதல்லவா? அதில் பாரகுவாட் என்பது 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அது சில நாள்களிலேயே சிறுநீரோடு வெளியேறிவிடும். அன்று சோதிக்காதவருக்கு இன்று சாட்சி எங்கே? பாரகுவாட் போயிற்று; மருந்தடிப்பு நிற்கவில்லை.

குறிப்பிட்ட அபாய ரசாயனங்களோடு வேலை செய்வோருக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே நாம் கேட்பது மூன்று. மருந்து வேலையில் சேருமுன் ஒரு சோதனை. வேலை நடக்கும்போதே மறு சோதனை. முடிவின் நகல் தொழிலாளியின் கையில்.

நாமும் சும்மா இருக்கலாகாது. தேதி, மருந்தின் பெயர், அடித்த நேரம், உடம்பில் கண்ட கோளாறு, இவற்றை ஆளுக்கொரு நோட்டில் எழுதுவோம். எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணிகளாகிய நாங்கள் எழுதித் தருகிறோம். பாலின் கணக்கை எழுதிய அதே பேனா, பாட்டாளியின் உடம்புக் கணக்கையும் எழுதட்டும்.