குழுவுக்கு ஒரு பவர் பேங்க்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று பின்வரிசையில் நாலு பேர் எழுந்திருப்பது தெரிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள் அக்கா. ஐப்பசி பிறக்கும் முன் பேசிவிட வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது.

பவர் பேங்க் பற்றித்தான் சொல்கிறோம். ஒரு ஊரில் இந்தப் பேச்சை எடுத்ததுமே ஒரு அம்மா, "அது எந்த பேங்க்? நம்ம குழுவுக்கு லோன் தருவாங்களா?" என்று கேட்டார்கள். லோன் தராது. ஆனால் போட்டு வைத்ததைத் திருப்பித் தரும். கரண்ட் இருக்கும்போது அதில் ஏற்றி வைத்தால், கரண்ட் இல்லாதபோது நம் செல்போனுக்கு அது கொடுக்கும். கைக்கு அடக்கமான, சோப்புப் பெட்டி மாதிரி ஒரு பொருள். பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது வைத்திருப்பார்களே, அதுதான்.

இது பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் இல்லையா என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையை நம்மில் யாரும் மறக்கவில்லை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. தென்னை போனது, கூரை போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளாவிலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. டவுனுக்கு முதலில் வந்தது, கிராமத்துக்கு அப்புறம் வந்தது, வயலுக்கு நடுவில் இருக்கிற தெருவுக்குக் கடைசியில் வந்தது.

அந்த நாட்களில் ஜெனரேட்டர் இருந்த இடமெல்லாம் திருவிழாக் கூட்டம். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்குக் கொண்டுவந்த ஜெனரேட்டரிலேயே பலகையை மாட்டி, இருபது முப்பது போனைக் கொத்தாகச் செருகி வைப்பார்கள். சில இடத்தில் சும்மா, சில இடத்தில் காசு. டிராக்டர் பேட்டரியில் போட்டவர்களும் உண்டு.

இதில் பெண்களுக்கு நேர்ந்தது தனிக்கதை. வீட்டில் மூன்று போன் இருந்தால் முதலில் போவது அவருடைய போன், அடுத்தது பையனுடையது. அம்மா போன் கடைசி. "உனக்கு யாரு போன் பண்ணப் போறா?" என்பார்கள். நிறைமாதமாக இருக்கிற மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த தாய்க்கு இந்தக் கேள்வி எப்படி இருக்கும்! திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளும், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற வீட்டுக்காரரும் இங்கே உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் தவித்தார்கள். அழைப்பு போகாமல் கிடந்தது பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த போன்தான்.

இன்னொன்று, வெளியில் அவ்வளவாகப் பேசப்படாதது. யாரோ ஒருவர் கடையில் உங்கள் போனை மூன்று மணி நேரம் விட்டுவிட்டு வருகிறீர்கள். நம்மில் பாதிப் பேர் போனுக்குப் பூட்டே போடுவதில்லை. அதில் நம் படம் இருக்கிறது, மகள் படம் இருக்கிறது, வங்கியிலிருந்து வந்த செய்தி இருக்கிறது. நெல் போட்ட பணம் ஏறியது, குழுக் கடன் வந்தது எல்லாம் அதில்தான் தெரியும். ஓ.டி.பி.யும் அதே போனுக்குத்தான் வரும். வீட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுக்க யோசிக்கிற நாம், இதை மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் நீட்டிவிடுகிறோம்.

பவர் பேங்கின் முதல் பெரிய உபயோகம் இங்கேதான் என்பது எங்கள் எண்ணம். ஜெனரேட்டருக்குப் போக வேண்டியது போன் இல்லை, பவர் பேங்க். அதைக் கொடுத்தனுப்புங்கள், போனை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் ஆயிரம் ரூபாயோடு போச்சு. போன் அடுத்தவர் கைக்குப் போனால் நஷ்டம் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறோம். பெட்டியில் 10,000 எம்.ஏ.ஹெச். என்று போட்டிருக்கும். போனுக்கு 5,000 என்றால் இரண்டு தடவை முழுசாக ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள். நெல்லை மில்லுக்குக் கொண்டுபோனால் நூறு கிலோவுக்கு நூறு கிலோ அரிசியா வருகிறது? அறுபத்தைந்து வந்தால் நல்ல நெல் என்கிறோம். இதுவும் அப்படித்தான். உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட், வெளியே போனுக்குக் கொடுப்பது 5 வோல்ட். மாற்றுகிற வேலையிலும் சூட்டிலும் கொஞ்சம் கழியும். பத்தாயிரத்தில் ஆறாயிரம் சுமாருக்குக் கைக்கு வரும். நல்ல கம்பெனிப் பொருளில் இந்தச் சின்னக் கணக்கையும் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட்போன் என்றால் ஒரு தடவை நிரப்பிக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பட்டன் போன் என்றால் ஐந்தாறு தடவை ஏற்றலாம். பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். புயல் நேரத்தில் அதுதான் ராஜா. பலவற்றில் எப்.எம். ரேடியோவும் உண்டு.

சந்தையில், திருவிழாக் கடையில், முந்நூறு ரூபாய்க்கு ஐம்பதாயிரம் எம்.ஏ.ஹெச். என்று விற்கிறார்கள். கையில் தூக்கிப் பாருங்கள். பத்தாயிரம் உள்ள பவர் பேங்கே இருநூறு கிராம் சுமாருக்குக் கனக்கும். ஐம்பதாயிரம் என்று சொல்வது காற்று மாதிரி இருந்தால் உள்ளே இருப்பது என்ன என்று நீங்களே யோசியுங்கள். பவர் பேங்க் விற்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பொருளின் மேல் ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்று 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மேலே சோலார் தகடு ஒட்டியது ஒன்று வருகிறது. வெயிலில் வைத்தால் போதும், கரண்ட்டே வேண்டாம் என்பார்கள். அவ்வளவு சின்னத் தகட்டில் நல்ல வெயிலிலேயே நிரம்ப நாள்கணக்கு ஆகும். கார்த்திகை மழையில் என்ன ஏறும்? அதோடு, லித்தியம் பேட்டரியை வெயிலில் காய வைப்பதும் நல்லதில்லை.

இனி குழு விஷயம். ஆளுக்கு ஒன்று வாங்க எல்லோராலும் முடியாது, தேவையும் இல்லை. பதினைந்து பேர் உள்ள குழுவில் தலைக்கு 100 ரூபாய் போட்டால் 1,500. ஒரு நல்ல பவர் பேங்க்கும், மூன்று வாய் உள்ள ஒயரும் வாங்கலாம். ஒயர் முக்கியம். பட்டன் போனுக்கு ஒரு வாய், புதுப் போனுக்கு வேறு வாய். அவசரத்தில் பொருள் இருந்தும் ஒயர் சேராமல் நிற்கக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, குழுச் சொத்தாக வையுங்கள். நகப்பாலிஷில் குழுப் பேரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்தால் மாறிப் போகாது.

யாருக்கு முதலில் என்பதையும் இப்போதே பேசி எழுதிவிடுங்கள். காற்று அடிக்கும்போது பேசினால் சண்டைதான் வரும். மாதம் நிறைந்த கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர், தனியாக இருக்கிற வயதானவர் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. குழுவில் இல்லாதவராக இருந்தாலும் இவர்களுக்குக் கொடுங்கள். உங்கள் தெருவை உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் முடிவு செய்யுங்கள். ஒரே போனை நூறு வரை நிரப்ப விடாதீர்கள். அரை மணி நேரம் ஒரு போன் என்று வைத்தால் ஸ்மார்ட்போனில் இருபது சதவீதம் சுமாருக்கு ஏறும். பேசுவதற்கு அது போதும். இப்படி ஒரு பவர் பேங்க்கில் ஆறு வீட்டுக்குப் பேச்சு கிடைக்கும். ஊக்குநர் வீட்டுப் பையன் சினிமா பார்க்க அதை எடுத்தால் அபராதம் போடலாம். சிரிக்கிறீர்கள், ஆனால் அதுதான் நடக்கும்!

எப்போது ஏற்றுவது? சாதாரண சார்ஜரில் இது நிரம்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். புயல் கரை தொடுவதற்கு முன்பே பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ராத்திரி காற்று சத்தம் கேட்டபின் செருகினால் பிரயோஜனம் இல்லை. வானிலை மையம் எச்சரிக்கை சொன்ன அன்றே செருகுங்கள். சும்மா இருக்கும் நாளிலும் அடியோடு காலியாக விடக் கூடாது, பேட்டரி செத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூட்டத்தில் "சார்ஜ் போட்டாச்சா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. டவரும் கரண்ட்டில் ஓடுவதுதான். அதன் பேட்டரி தீர்ந்து, ரோட்டில் மரம் விழுந்து டீசல் வர முடியாவிட்டால் சிக்னல் இருக்காது. அப்போது போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். சிக்னல் இல்லையென்றால் ஏரோப்ளேன் படம் உள்ள பொத்தானை அமுக்கிவிடுங்கள், அல்லது அணைத்து வையுங்கள். வெளியூரில் உள்ள பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: காலை 7 மணி, மதியம் 1 மணி, சாயங்காலம் 6 மணிக்குப் பத்து நிமிஷம் போனைத் திறப்போம், அப்போது கூப்பிடு என்று. அழைப்பு போகாத நேரத்தில் ஒரு வரி மெசேஜ் போய்ச் சேருவது உண்டு. நெட்டை அணைத்து, வெளிச்சத்தைக் குறையுங்கள். போன் டார்ச்சை விளக்காக வைத்துச் சமைக்காதீர்கள், அதற்கு மெழுகுவர்த்தி இருக்கிறது.

எண்களைக் காகிதத்தில் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மின் புகாருக்கு மின்னகம் 94987 94987. மகள் நம்பரையும் எழுதுங்கள். போன் அணைந்துவிட்டால் அந்த நம்பர் நம்மில் எத்தனை பேருக்கு மனப்பாடம்?

புயலுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைத்தளத்தில் வருகைப்பதிவைப் போட்டோவோடு தினம் இரண்டு தடவை செயலியில் ஏற்றச் சொன்னார்கள். பணித்தளப் பொறுப்பாளராக இருந்த நம் பெண்களுக்குச் சாயங்காலப் போட்டோ எடுக்கும்வரை போன் தாங்குமா என்பதே கவலையாக இருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருக்கிற ராத்திரிக்கும் இது உதவும்.

ஜாக்கிரதையாகவும் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில், அடுப்பு மேடையில், ஈரப் புடவை மடியில் வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது கைபொறுக்காத சூடானால் கழற்றிவிடுங்கள். வயிறு உப்பிய மாதிரி வீங்கினால் அதோடு சரி, திரும்பப் பயன்படுத்தாதீர்கள். குத்திப் பார்க்கவோ, குப்பையோடு கொளுத்தவோ, வாய்க்காலில் எறியவோ வேண்டாம். தீப்பிடிக்கிற சாமான் அது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் கிடக்கிற பவர் பேங்க், பழைய பட்டன் போன், ஒயர் எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். எது ஏறுகிறது, எது ஏறவில்லை, எதில் பதிவு எண் இருக்கிறது என்று உட்கார்ந்து பிரித்துவிடுவோம். வீங்கினதை மட்டும் தனியாக, மண் போட்ட தகர டப்பாவில் வைத்துக் கொண்டு வாருங்கள்.