மாட்டுக்குப் போட்ட ஊசி

மனிதரும் விலங்குகளும் என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். யானையைப் பற்றிப் பேசுவேன், புலியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். யானைக்காகப் பேச ஆயிரம் பேர் உண்டு. புலிக்கு ஒரு திட்டமே உண்டு. யாரும் பரிந்து பேசாத ஓர் உயிருக்காக நான் இங்கே நிற்கிறேன். பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கிற பறவை. மாயாறு எங்கே வந்து சேர்கிறது? உங்கள் பவானிசாகர் அணையில்தானே? அந்த மாயாற்றின் கரையில், நீர்மருது மரத்து உச்சியில், தென்னாட்டில் மிஞ்சியிருக்கிற பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்க்காரர்களிடம் இதைப் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டு விலங்கு வேறு, காட்டு விலங்கு வேறு என்று நாம் போட்டு வைத்திருக்கிற வேலி பொய். கொட்டகையில் நிற்கிற மாட்டுக்கு நாம் செய்வது மலை முகட்டில் இருக்கிற பறவையைப் போய்ச் சேர்கிறது. மாட்டோடு நமக்கு இருக்கிற உறவு மாடு செத்த அன்றோடு முடிந்துவிடுவதில்லை. செத்த மாட்டுக்கும் நாம் பொறுப்பு. இதை ஏதோ தர்ம உபதேசமாகச் சொல்லவில்லை. நம் கண் முன்னால் நடந்த கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

1980-களில் இந்திய வானத்தில் சுமார் 4 கோடிப் பாறுகள் இருந்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். குப்பைமேடு, ஆற்றங்கரை, மாடு அறுக்கிற இடம், எங்கே பார்த்தாலும் பாறு. 1990-களின் நடுவில் ராஜஸ்தானத்துப் பரத்பூர் பறவைக் காப்பகத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் கூடுகள் காலியாவதைக் கவனித்தார். கிளையில் உட்கார்ந்த பாறு கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாட்கணக்கில் கிடக்கும். பிறகு பொத்தென்று விழும். அறுத்துப் பார்த்தால் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். சிறுநீரகம் வேலை நிறுத்தியதால் தேங்கிய யூரிக் அமிலம் அது. தொற்றுநோயா, பூச்சிமருந்தா என்று தேடாத இடமில்லை. கடைசியில் 2004-இல், பாகிஸ்தானில் ஆராய்ச்சி செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள். டைக்ளோஃபினாக்! நமக்கு முதுகு வலித்தால் போடுகிறார்களே, அதே வலி ஊசி. மடிநோய் வந்த பசுவுக்கும் கால் வீங்கிய எருமைக்கும் போட்டது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு செத்தால் மருந்து இறைச்சியிலேயே தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பாறு சாகிறது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1000 இருந்த இடத்தில் 1 மிஞ்சியது. ஆயிரத்துக்கு ஒன்று, ஐயா!

இதில் என் நெஞ்சை அறுப்பது எது தெரியுமா? பாறுவை யாரும் வெறுத்துக் கொல்லவில்லை. வேட்டையாடவில்லை. மாடு வலியில் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கடன் வாங்கியாவது மருந்து வாங்கிப் போட்ட உழவனின் அன்பே அதைக் கொன்றது. அந்த உழவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மாட்டுக்கு நல்லதா என்று பார்த்தார்கள், பாலில் மருந்து வருமா என்று பார்த்தார்கள். அந்த மாட்டைக் கடைசியில் யார் தின்னப் போகிறார்கள் என்று பார்க்க ஒரு நாதியில்லை. அன்பு இருந்தது, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது.

உடனே ஒரு கேள்வி வரும். மனிதனுக்கே வழியைக் காணோம், கழுகுக்கு என்ன மாநாடு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதிலும் சொல்கிறேன். நூறு பாறுகள் கூடினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அடைப்பான் நோய்க் கிருமி உள்ளே போனாலும் பாறுவின் வயிற்று அமிலம் அதை எரித்துவிடும். ஒரு பைசா கூலி இல்லை, ஒரு லாரி டீசல் இல்லை. பாறு போன பிறகு அந்த மாடு என்ன ஆயிற்று? கிடந்து அழுகியது. தெருநாய் பெருகியது. தண்ணீர் கெட்டது. ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் இதை மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுத்து 2024-இல் வெளியிட்டார்கள். பாறுகள் நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும், இயல்பாகவே அவை வாழாத மாவட்டங்களையும் எதிரெதிரே வைத்தார்கள். 1994 வாக்கில் டைக்ளோஃபினாக் மலிவு விலைக்கு வரும்வரை இரண்டிலும் மனிதச் சாவு விகிதம் ஒன்றுபோலவே போகிறது. அதற்குப் பிறகு பாறு இருந்த மாவட்டங்களில் மட்டும் ஏறுகிறது. 4 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனையும் கூடவே ஏறுகிறது. 2000 முதல் 2005 வரை ஐந்தே ஆண்டில் 5 லட்சம் மனித உயிர் கூடுதலாகப் போயிற்று என்பது அவர்கள் முடிவு. அது வெறும் மதிப்பீடுதானே என்பீர்கள். மதிப்பீடுதான். அதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், இரண்டரை லட்சம் பேர். இன்னும் பாதியைத் தள்ளுங்கள். அப்போதும் சுனாமியில் நாடு முழுவதும் நாம் இழந்ததைவிட அது பல மடங்கு. மனிதனுக்காகத்தான் பேசுகிறேன் என்று சொல்கிறவர், அப்படியானால் முதலில் பாறுக்காகப் பேச வேண்டும்.

நம் முன்னோருக்கு இது புரிந்திருந்தது. இராமாயணத்தில் இராமன் தன் தகப்பனுக்குப் பக்கத்திலிருந்து ஈமக்கடன் செய்ய முடியவில்லை. காட்டில் இருந்தான். ஆனால் தன் கையால் தகப்பனுக்குச் செய்வதுபோல ஒருவருக்குச் செய்தான். யாருக்கு? சடாயுவுக்கு! ஒரு கழுகுக்கு! வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே சடாயு குண்டம் இருக்கிறது. அந்தக் குண்டத்துச் சாம்பலை இன்றும் நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சி வேளையில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து குருக்கள் கையால் சோறு உண்டு போகும். அதைப் பார்க்க ஊரே திரளும். 1990-களின் கடைசியோடு அந்த வரவும் நின்றுபோயிற்று. தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அந்தக் கைதட்டு சடாயுவுக்கு. கோயிலில் கழுகின் சாம்பலை நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே வந்து அதன் இனத்துக்கு விஷம் வைத்தோமே என்ற வெட்கமும் அந்தக் கைதட்டோடு வரட்டும்.

இந்த இடத்தில் சிலரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். மேடைக்கு மேடை நாட்டு மாடு என் உயிர், காங்கேயம் என் மானம் என்று முழங்குகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பர்கூர் மலை மாட்டுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். செத்த மாடு எங்கே போகிறது என்று இத்தனை ஆண்டில் ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா? அது அசுத்தம், அதைப் பேசக்கூடாது. அதை அகற்றுகிற வேலையை ஒரு சாராரின் தலையில் கட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்ட சமுதாயம்தானே நாம். உழைக்கிற மாடு கும்பிடத்தக்கது, செத்த மாடு தீட்டு என்கிற அந்தப் புத்திதான் பாறுவையும் கவனிக்காமல் சாகவிட்டது. மாட்டை நேசிக்கிறேன் என்று மேடையில் சொல்கிறவர் அந்த மாட்டின் கடைசி நாளைப் பற்றியும் பேசட்டும், பிறகு நான் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

சட்டம் போட்டாயிற்றே, இன்னும் என்ன என்றும் கேட்கிறார்கள். சட்டத்தின் கதையைக் கேளுங்கள். 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தார்கள். மனிதருக்கான மருந்து கடையில் இருந்ததே! மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். ஆனால் ரப்பர் மூடி போட்ட 30 மில்லிக் குப்பி விற்றார்கள். எந்த மனிதனுக்கு ஐயா 30 மில்லி? அது யாருக்கு என்று விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். 2015-இல்தான் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்று ஆணை வந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தன. 2017-இல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளி ஆணையைக் காப்பாற்றியது. நல்லது. அதற்குள் வேறு மருந்துகள் வந்து உட்கார்ந்துவிட்டன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபேனும் பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இந்த இரண்டையும் 2023-இல் தடுத்தார்கள். பிறகு நிமிசுலைடையும் தடுத்தார்கள். ஒரு மருந்து பறவைகளைக் கொன்று முடித்த பிறகு தடை, அடுத்தது வந்து கொல்லும்வரை காத்திருப்பு. இந்த முறையே தப்பு என்கிறேன். மாட்டுக்கு ஒரு வலி மருந்து விற்க உரிமம் கேட்டு வருகிறவனிடம், அந்த மாட்டைத் தின்கிற பறவைக்குக் கேடில்லை என்று முதலில் காட்டு, பிறகு விற்றுக்கொள் என்று சொல்ல வேண்டும். பொறுப்பு விற்கிறவன் மேல் இருக்கட்டும், செத்து விழுந்து மெய்ப்பிக்கிற வேலையைப் பாறுவின் தலையில் கட்டாதீர்கள்.

உழவர்கள் கேட்பீர்கள், அப்படியானால் எங்கள் மாடு வலியில் கிடக்கட்டுமா என்று. வேண்டவே வேண்டாம். மெலாக்சிகாம் இருக்கிறது. பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்துக் கேடில்லை என்று கண்ட மருந்து. காப்புரிமைச் சிக்கல் இல்லை, பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. மாட்டின் வலியா பறவையின் உயிரா என்று நீங்கள் தராசு பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவ்வப்போது ஒரு மாட்டுக்குத்தானே பழைய ஊசி போடுகிறோம் என்றும் நினைக்காதீர்கள். நூறு சடலத்தில் ஒன்றில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு சடலத்தில் ஒரே நேரத்தில் பத்து, இருபது, ஐம்பது என்று பாறுகள் உட்காருமே. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடுகிற பறவை அது. ஒரு பாறு போனால் அதன் இடத்தை நிரப்ப அந்த இனத்துக்கு எத்தனை ஆண்டு வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

புலி அடித்த மாட்டில் விஷம் தடவுகிற கொடுமையும் நடக்கிறது. 2023-இல் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் அப்படி வைத்த விஷத்தால் இரண்டு புலிகள் செத்தன. அதே விஷம் பாறுக்கும் எமன். மாட்டைப் பறிகொடுத்தவன் கோபத்தை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். அவன் குடும்பத்தின் பாதி வருமானம் போயிருக்கும். அவனுக்குச் சேர வேண்டிய இழப்பீடு அலுவலகம் அலுவலகமாக அலையாமல் கைக்கு வந்தால் விஷக் குப்பியை அவன் எடுக்க மாட்டான். அரசுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் மூன்றும் சேர்ந்து 2023 டிசம்பரில் கணக்கெடுத்தபோது 320 பாறுகள் எண்ணப்பட்டன. வெண்முதுகு, கருங்கழுத்து, செம்முகம், மஞ்சள்முகம் என்று நான்கு இனமும் நம்மிடம் இருக்கின்றன. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? நீர்மருது மரத்தடியில் நின்று, கழுத்து வலிக்க மேலே பார்த்து, கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிற வேட்டைத் தடுப்புக் காவலரிடமிருந்து வந்தது. பெரும்பாலும் இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள். யானைத் தடத்தில் நடந்து, கூலிக்கு நாள் எண்ணி, பல ஆண்டு ஆகியும் நிரந்தரம் ஆகாத வேலை. அறிக்கையின் அட்டையில் அவர் பெயர் இருக்காது, விருது மேடையில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. இந்த மண்டபத்தில் பொன்னாடை போர்த்த ஆசைப்படுகிறவர்களே, அடுத்த விழாவுக்கு அவரைக் கூப்பிட்டு நாற்காலி போடுங்கள். கூலியை உயர்த்து, வேலையை நிரந்தரமாக்கு என்று இந்தக் கூட்டம் ஒரு தீர்மானம் போட்டால் அதுவே பாறுக்குச் செய்கிற முதல் தொண்டு.

மீதியைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள். நாளைக்கே உங்கள் ஊர் மருந்துக்கடைக்குப் போங்கள். மாட்டுக்கு என்ன வலி ஊசி தருகிறீர்கள் என்று கேளுங்கள். கால்நடை மருத்துவர் வந்தால், ஐயா, மெலாக்சிகாம் போடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு ஊசி போட்ட மாடு செத்துப்போனால் வெளியே வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். உங்கள் பால் சங்கக் கூட்டத்தில், உங்கள் கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கால்நடைத் துறைக்கு அனுப்புங்கள். கொங்கு நாட்டில் பத்து ஊராட்சி அனுப்பினால் போதும், மற்றவர்கள் தாமாக வருவார்கள்.