ஏறுவதும் இறங்குவதும் ஒரே நோய்தான்
(கொரட்டூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம் குழு ஒன்றில் ஒரு அக்கா திடீரென்று மூன்று கடை போடப்போவதாக உள்கடன் கேட்டார். கலகலவென்று பேசினார், ராத்திரி தூக்கமே வேண்டாம் என்றார். நாமும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு மாதத்தில் ஆளும் வரவில்லை, சேமிப்பும் வரவில்லை. "ஏமாத்திட்டா" என்று பேரை நீக்கினோம். அது இருமுனை மனநோய் என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர்கள் 'பைபோலார்' என்பார்கள்.

சந்தோஷமும் வருத்தமும் எல்லோருக்கும் வரும், போகும். இது அப்படி இல்லைங்க. ஒரு வாரமோ அதற்கு மேலோ மனசு அளவு மீறி ஏறி நிற்கும். கொஞ்ச நேரம் தூங்கினாலும் அசதி தெரியாது. ஓயாத பேச்சு, சட்டென்று கோபம், கண்டபடி செலவு. இது மேனியா. வேறொரு சமயம் இரண்டு வாரமோ அதற்கு மேலோ அடுப்பு மூட்டக்கூடத் தெம்பு இருக்காது. இடையில் மாதக்கணக்கில் நன்றாகவே இருப்பார்கள்.

நாமோ முதலில் "திமிர்" என்கிறோம், பிறகு "சோம்பேறி" என்கிறோம். செய்வினை என்றும் அலைகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். மனசு இறங்கிக் கிடக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம். ஏறியிருந்த நாட்களைச் சொல்வதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும். இரண்டையும் பார்த்தவர்கள் நாம்தான். கூடப் போய்ச் சொல்லுவோம்.

இதற்கு லித்தியம் போன்ற நல்ல மருந்துகள் உண்டு. லித்தியம் சாப்பிட்டால் டாக்டர் சொன்னபடி ரத்தப் பரிசோதனை அவசியம். "சரியாயிடுச்சு" என்று நாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்க வேண்டும்.

குழுவில் நாம் செய்ய வேண்டியது இதுதான். மனசு ஏறியிருக்கும்போது கேட்கும் கடனை நயமாகத் தள்ளிப் போடுவோம். வராதவரை வீடு தேடிப் போவோம். நோயின் பேரைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடக் கூடாது. 14416-க்குப் போன் செய்யலாம். இரவும் பகலும் இலவசம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் நமக்குத் தூரமில்லை.

அந்த அக்கா இப்போது மருந்து சாப்பிடுகிறார். பேரைத் திரும்பச் சேர்த்துவிட்டோம்.