செவியும் பண்டை மருத்துவமும்



திருவரங்கம் பெரிய கோயிலினுள் தன்வந்திரி சந்நிதி ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து விளங்கிய ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்பார் புதுப்பித்த செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அந்தச் சந்நிதியைக் காணும்போதெல்லாம், நம் முன்னோர் நோயை எவ்வாறு நோக்கினர் என்னும் வினா என் உள்ளத்தில் எழும். செவிநோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விடை காண முயல்கிறேன்.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை செவிநோய்களை 28 வகையாகப் பிரிக்கிறது. வலி, இரைச்சல், செவிடு, சீழ்வடிதல் ஆகியவை அங்கே தனித்தனியே எண்ணப்பெறுகின்றன. மருந்திட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாகச் செவியில் நிரப்புதல் அக்காலச் சிகிச்சைகளுள் ஒன்று.

கடல் கடந்தும் இதே சிந்தனை இருந்தது. திருச்சிக்கு மேற்கேயுள்ள கரூரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். தமிழகத்து மிளகு ரோமாபுரிக்குக் கப்பலேறிய கி.பி. முதல் நூற்றாண்டில், அங்கே செல்சஸ் என்பார் ஒரு மருத்துவ நூல் எழுதினார். செவியில் விடும் மருந்து எதுவாயினும் இளஞ்சூடாக இருத்தல் வேண்டும் என்பது அவர் விதி. செவிக்குள் பூச்சி புகுந்தால், பிசின் தோய்ந்த கம்பளியைச் சலாகையில் சுற்றி உள்ளே திருப்பி எடுக்கச் சொல்கிறார். வேறு பொருள் சிக்கினால், நோயாளியைப் பலகையின்மேல் அந்தச் செவி கீழாகக் கிடத்திப் பலகையின் ஓரத்தைத் தட்டச் சொல்கிறார்! இவை நமக்குச் சிரிப்பூட்டலாம். ஆயினும், செவியின் அழற்சி சித்தப்பிரமைக்கும் மரணத்துக்குமே இட்டுச் செல்லக்கூடும் என்று அவர் எச்சரித்திருப்பது சிரிப்புக்குரியதன்று.

அந்த எச்சரிக்கையின் காரணத்தை இன்றைய உடற்கூற்றியல் விளக்குகிறது. நடுச்செவிக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடே. நாட்பட்ட சீழ் அதனை அரித்து மூளையை எட்டிவிடலாம். ஆதலால், சீழ் வடியும் செவியில் வீட்டிலே எண்ணெய் விடுவது தகாது. செவிப்பறையில் துளையிருப்பின் எண்ணெய் உள்ளே இறங்கித் தீங்கு செய்யும். மருத்துவர் கருவிகொண்டு பார்த்து மருந்து தருவார். வேண்டுமாயின் அறுவை செய்து செவிப்பறையைச் சீர்ப்படுத்துவார்.

உங்கள் வகுப்பில், அழைத்தும் திரும்பாத மாணவன் ஒருவன் இருக்கலாம். அவனைக் கவனமற்றவன் என்று இகழ்வதற்கு முன், அவனுக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். நோயை வகைப்படுத்தி அறிய முயன்ற அப்பெரியோர்கள் நமக்கு விட்டுச்சென்ற முதற் பாடம், உற்று நோக்குதலே ஆகும்.